கடாரத்துத் தோட்டங்களில் பம்பாய் வெள்ளி: அக்கசாலைக் குறிகளும் அச்சு வேறுபாடுகளும்

மலேசியத் தமிழர் தம் நாட்டுப் பணத்தை இன்றும் 'வெள்ளி' என்றே வழங்குகின்றனர். அதன் நூறில் ஒரு கூறு 'காசு'. ரிங்கிட், சென் எனும் பெயர்கள் 1975ஆம் ஆண்டு அதிகாரபூர்வமாக நிலைபெற்றன. புழக்கத்துச் சில்லறையில் வெள்ளி உலோகம் கலக்கும் வழக்கமோ, 1948ஆம் ஆண்டிட்ட செம்பு-நிக்கல் நாணயங்கள் வந்ததோடு முடிந்துபோயிற்று. ஆயினும் சுங்கைப் பட்டாணிச் சந்தையில் கீரை வாங்குபவர் "ரெண்டு வெள்ளி அம்பது காசு" என்றுதான் விலை பேசுகிறார். உலோகம் மறைந்தது, சொல் நின்றது. அச்சொல்லுக்குப் பின்னாலிருந்த உலோகத்தைக் கெடா மாநிலத் தோட்டங்களையும் சிறு நகரங்களையும் களமாகக் கொண்டு நாணயவியல் நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கெடாவைப் பற்றித் தமிழில் எழுதப் புகுவோர் இராசேந்திர சோழனின் 1025ஆம் ஆண்டுப் படையெடுப்பிலிருந்து தொடங்குவது மரபு. அம்மரபில் நமக்குக் குறையொன்றும் இல்லை. எனினும் கடாரங்கொண்டானின் புகழைப் பாடும் ஆர்வத்தில், ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகளுக்குப் பின்னர் அதே மண்ணில் பால்மரம் சீவ வந்தவர்கள் எத்தகைய பணத்தைக் கூலியாகப் பெற்றனர் என்பதை நாம் கேட்காமலே விட்டுவிட்டோம். சோழர் சான்றுகள் கல்லிலும் செம்பிலும் காக்கப்பட்டுள்ளன. தோட்டத்து நாணயங்களோ பழைய பெட்டிகளின் அடியில் கிடந்து, வீடு மாறும்போது எடைக்கு விற்கப்பட்டு உருக்கப்படுகின்றன. எனவே இந்த ஆய்வு காலந்தாழ்த்தத்தக்கது அன்று.

நாணயம் அடிக்கும் இடத்தைக் குறிக்கத் தமிழில் 'அக்கசாலை' எனும் பழஞ்சொல் உண்டு. பாண்டியர் துறைமுகமாகிய கொற்கையின் அருகே அக்கசாலை என்று ஓர் ஊரே இருக்கிறது. இக்கட்டுரையில் அச்சொல்லையே ஆள்கிறோம்.

பல நாட்டுப் பணம் புழங்கிய நிலம்

கெடா சுல்தான்கள் 'தாருல் அமான்' எனும் பெயர் பொறித்த வெள்ளீய நாணயங்களை வெளியிட்டிருந்தனர். அவை உள்ளூர்ச் சிறு வாணிகத்துக்கு உதவின. பெருந்தொகை கைமாறும் இடங்களில் பினாங்கு வழியாக வந்த அயல்நாட்டு வெள்ளி நாணயங்களே ஆட்சி செய்தன. அவற்றுள் மெக்சிக்கோ நாட்டு வெள்ளியும், 1895ஆம் ஆண்டு முதல் அடிக்கப்பட்ட பிரித்தானிய வணிக வெள்ளியும் முதன்மையானவை. பிரித்தானிய வணிக வெள்ளி இலண்டனில் பிறந்தது என்று பலர் எண்ணுகின்றனர். அதில் மிகப் பெரும்பகுதி பம்பாயிலும் கல்கத்தாவிலும் அடிக்கப்பட்டது. நிற்கும் பிரித்தானியா தேவியின் கையிலுள்ள முச்சூலத்தின் நடுமுனையை உருப்பெருக்கியால் நோக்கினால், பம்பாயைக் குறிக்கும் 'பி' எனும் சின்னஞ்சிறு ஆங்கில எழுத்தைக் காணலாம். கல்கத்தாவில் அடித்தவற்றில் 'சி' எழுத்து உண்டு.

இந்திய அக்கசாலைகளுக்கும் இத்தீபகற்பத்துக்கும் உள்ள உறவு அதற்கும் முந்தியது. கிழக்கிந்தியக் கும்பினி 1845ஆம் ஆண்டு பொறித்து வெளியிட்ட ஒரு காசு, அரைக்காசு, கால்காசு ஆகிய செப்பு நாணயங்களும், 1862ஆம் ஆண்டு 'இந்தியா நீரிணை' என்று பொறித்து வந்தவையும் இந்திய அரசின் பொறுப்பில் அடிக்கப்பட்டவை. 1845ஆம் ஆண்டு ஒரு காசிலேயே ஓர் அச்சு வேறுபாடு உண்டு. விக்டோரியா அரசியின் கழுத்து வெட்டில் செதுக்குநர் வில்லியம் வையனின் முதலெழுத்துகள் சிலவற்றில் இருக்கும், சிலவற்றில் இரா. நாணயச் சேகரிப்பில் இறங்குவோர் முதன்முதல் கற்கும் பாடங்களுள் இதுவும் ஒன்று.

1903ஆம் ஆண்டு வெள்ளியும் 'பி' எழுத்தும்

நீரிணைக் குடியேற்றங்களின் பணத்தைச் சீர்செய்ய அமைக்கப்பட்ட பார்பர் குழுவின் பரிந்துரைப்படி, 1903ஆம் ஆண்டு புதியதொரு வெள்ளி நாணயம் வெளிவந்தது. 26.95 கிராம் எடை. ஆயிரத்துக்குத் தொள்ளாயிரம் பங்கு தூய வெள்ளி. முன்புறம் முடிசூடிய ஏழாம் எட்வர்டு மன்னர். பின்புறம் கொடிப்பின்னல் கோலத்தின் இடையே சீன எழுத்தும் ஜாவி எழுத்தும். 1903, 1904 ஆகிய ஆண்டுகளைத் தாங்கிய இவ்வெள்ளி பம்பாய் அக்கசாலையில் அடிக்கப்பட்டுக் கப்பலேறி வந்தது. இது போதிய அளவு சேர்ந்ததும் மெக்சிக்கோ வெள்ளியும் பிரித்தானிய வணிக வெள்ளியும் 1904ஆம் ஆண்டு செல்லாதவை ஆக்கப்பட்டன. கெடா அப்போது சயாமின் மேலாண்மையில் இருந்தது. 1909ஆம் ஆண்டு பாங்காக் உடன்படிக்கைக்குப் பின்னரே பிரித்தானியர் கைக்கு மாறியது. ஆயினும் வாணிகத்தில் பினாங்கையே நம்பியிருந்தமையால், பினாங்கில் எது பணமோ அதுவே கெடாவிலும் பணம்.

1903ஆம் ஆண்டு வெள்ளியில் 'பி' எழுத்து இருவகையாக அமைந்துள்ளது. ஒருவகையில் அது மேடாகப் புடைத்து நிற்கிறது; மற்றொன்றில் பள்ளமாகக் குழிந்திருக்கிறது. சேகரிப்பாளர் இவ்விரண்டையும் தனித்தனி வகைகளாகப் பட்டியலிடுகின்றனர். பட்டியலிடுவதோடு நின்றுவிடாமல், இவ்வேறுபாடு எதனைக் காட்டுகிறது என்று நாம் சற்று ஆராய வேண்டும்.

நாணயத்தை அடிக்கும் அச்சு நேர்மாறான உருவுடையது. நாணயத்தில் மேடாக வரவேண்டியது அச்சில் பள்ளமாக இருக்கும். அச்சுகளைத் தனித்தனியே செதுக்குவது பெருந்தொல்லை ஆதலால், நாணயத்தைப் போன்றே மேடான உருவுடைய தாய் அச்சு ஒன்றைச் செய்து, அதனை மெத்தென்ற எஃகில் அழுத்திப் பல வேலை அச்சுகளை ஈன்றெடுப்பர். பின்னர் அவ்வேலை அச்சுகளைக் கடினமாக்கிப் பொறியில் பூட்டுவர். வேலை அச்சில் எழுத்தாணி கொண்டு 'பி' எழுத்தைக் குத்தினால் அது அச்சில் பள்ளமாகி, நாணயத்தில் மேடாகத் தோன்றும். தாய் அச்சிலேயே குத்தினால், வேலை அச்சில் மேடாகி, நாணயத்தில் பள்ளமாக விழும். ஆகவே புடைத்த 'பி'யும் குழிந்த 'பி'யும் இரு வேறு வேலைமுறைகளின் தடயங்கள். முதல் முறையில் ஒவ்வொரு வேலை அச்சையும் தொழிலாளி தனித்தனியே குத்த வேண்டும். இரண்டாவதில் ஒருமுறை குத்தினால் போதும்.

இங்கு மற்றொன்றும் நினைக்கத்தக்கது. அதே ஆண்டுகளில் பம்பாயில் அடிக்கப்பட்ட ஏழாம் எட்வர்டு ரூபாயிலும் 'பி' எழுத்து குழிந்தே உள்ளது. கல்கத்தா ரூபாயில் குறி எதுவும் இல்லை. நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேறியவர் ஒருவர் மடியில் முடிந்து வந்த ரூபாயும், பின்னர்க் கெடாத் தோட்டத்தில் சம்பளமாகப் பெற்ற வெள்ளியும் ஒரே அக்கசாலையில் பிறந்த உடன்பிறப்புகளாக இருந்திருக்கக் கூடும். அவருக்கு அது தெரிந்திருக்க வேண்டுவதில்லை. பள்ளத்தில் கிடக்கும் அச்சிறு எழுத்தைப் படிக்க அவருக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? நாணயத்தில் சீனமும் ஜாவியும் ஆங்கிலமும் இருந்தன, தமிழ் இல்லை.

1906ஆம் ஆண்டு இவ்வெள்ளியின் மதிப்பு இரண்டு சில்லிங் நான்கு பென்சு என்று நிலைநிறுத்தப்பட்டது. அதாவது அறுபது வெள்ளிக்கு ஏழு பவுன். அவ்வேளையில் உலகச் சந்தையில் வெள்ளியின் விலை ஏறியதால், நாணயத்தை உருக்கி விற்பதே ஆதாயம் எனும் நிலை நெருங்கியது. அரசு 1907ஆம் ஆண்டு எடையை 20.21 கிராமாகக் குறைத்துச் சிறிய வெள்ளியை வெளியிட்டது. பெரிய வெள்ளி திரும்பப் பெறப்பட்டு உருக்கப்பட்டது. முதல் உலகப் போரையொட்டி வெள்ளி விலை மீண்டும் உயர்ந்தபோது, 1919ஆம் ஆண்டு தூய்மையும் பாதியாகக் குறைக்கப்பட்டது. ஆகவே ஒரு தோட்டக் குடும்பத்தில் 1903ஆம் ஆண்டுப் பெரிய வெள்ளி இன்றும் இருக்குமாயின், அதனை யாரோ ஒருவர் அரசிடம் திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொண்டார் என்பதே பொருள். அச்சிறு மறுப்பும் வரலாற்றுச் செய்தியே.

கூலியும் சில்லறையும்

கோல மூடா, கூலிம், பாலிங் வட்டாரங்களில் பால்மரத் தோட்டங்கள் பெருகிய காலத்தில், தொழிலாளி கையில் முழு வெள்ளி தங்கிய நாள்கள் சிலவே. 1920களின் பிற்பகுதியில் அரசு நிர்ணயித்த அளவுகூலி ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்றிருந்தது. உலகப் பொருளாதார வீழ்ச்சியின்போது 1930ஆம் ஆண்டு அது 40 காசும் 32 காசுமாகக் குறைந்து, பின்னும் இறங்கியது. இவ்வெண்களை நாணயமாக மாற்றிப் பார்த்தால் அக்காலத்து வாழ்வு தெளிவாகும். எட்டுக் காசு குறைந்தது என்பது எட்டுச் சதுரக் காசு குறைந்தது என்பதாகும். 1919ஆம் ஆண்டு முதல் ஒரு காசு நாணயம் மூலை மழுங்கிய சதுரமாக வெளிவந்தது. இருட்டிலும் விரலால் தடவி அறியலாம். விடியுமுன் பெரட்டுக்கு எழுந்து நிற்போர்க்கு அது பயன்பட்டிருக்கும் என்பது நம் ஊகமே.

இச்சில்லறையின் ஒரு பகுதி மளிகைக் கடைக் கணக்கில் கரைந்தது; ஒரு பகுதி கள்ளுக்கடைக்குப் போனது. பீடோங் வட்டாரத்து ஹார்வர்டு தோட்டத்தை மையமாகக் கொண்டு ஏ.எம். சாமி தலைமையில் தொண்டர் படை கள்ளுக்கடைகளை எதிர்த்து நின்றதும், 1947ஆம் ஆண்டு மார்ச்சில் பீடோங்கில் காவல்துறையோடு மோதல் நிகழ்ந்ததும் மலேசியத் தொழிலாளர் வரலாற்றில் இடம்பெற்றவை. அவ்வெதிர்ப்பை ஒழுக்கச் சீர்திருத்தமாக மட்டும் காண்பது போதாது. தோட்டம் ஒரு கையால் கொடுத்த காசு மறுகையால் திரும்ப வாங்கப்பட்ட வழியை அடைக்கும் முயற்சியாகவும் அதைக் காண வேண்டும்.

ஜப்பானியர் காலத்தில் நிலை தலைகீழாயிற்று. வாழைமரப் படம் போட்ட தாள் பணம் பெருகப் பெருக, வெள்ளி நாணயங்கள் சந்தையை விட்டு மறைந்தன. 1943ஆம் ஆண்டு அக்டோபரில் கெடா சயாமிடம் ஒப்படைக்கப்பட்டது. 1945ஆம் ஆண்டு பிரித்தானியர் திரும்பியதும் வாழைமரத் தாள் வெறுந்தாளாயிற்று. சயாம் மரண இரயில்பாதைக்குப் போனவர் திரும்பாத வீடுகளில், முன்பு ஒளித்து வைத்த வெள்ளிக்காசுகளே எஞ்சிய செல்வமாக இருந்திருக்கும்.

போர் முடியும் தறுவாயில் மலாயாவுக்கான ஐந்து, பத்து, இருபது காசு நாணயங்களில் ஒரு பகுதி மீண்டும் இந்தியாவில் அடிக்கப்பட்டது. 1945ஆம் ஆண்டு பொறித்த அந்நாணயங்களில் கல்கத்தாவைக் குறிக்க 'ஐ' எனும் ஆங்கில எழுத்து இடப்பட்டுள்ளது. ஐம்பது விழுக்காடு வெள்ளியே கொண்டவை அவை. குறி உள்ளதும் இல்லாததும் பார்வைக்கு ஒன்றே போலிருப்பதால், பெட்டி நிறையக் கிடக்கும் ஆறாம் ஜார்ஜ் சில்லறையை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாலன்றி இவற்றைப் பிரித்தறிய முடியாது.

பிழை எது, வேறுபாடு எது, சேதம் எது

சேகரிப்பில் புதிதாக இறங்குவோரைப் பெரிதும் குழப்புவது இம்மூன்றின் எல்லையாகும். அச்சு வேறுபாடு என்பது அச்சிலேயே உள்ள மாற்றம். அவ்வச்சில் அடித்த நாணயம் அனைத்திலும் அது திரும்பத் திரும்ப வரும். மேலே கண்ட 'பி' எழுத்து அத்தகையது. பழைய ஆண்டு பொறித்த அச்சை வீணாக்காமல் புதிய எண்ணை மேலே குத்திப் பயன்படுத்துவதும் இவ்வகையே. பம்பாயின் பிரித்தானிய வணிக வெள்ளியில் 1909இன் இறுதி எண்ணுக்கு அடியில் பழைய எட்டின் சுவடு தெரியும் நாணயங்கள் உண்டு. அச்சில் விரிசல் கண்டால் நாணயத்தில் அது மெல்லிய மேட்டுக் கோடாக ஓடும். கோடு மேடாக இருந்தால் அச்சு விரிசல். பள்ளமாக இருந்தால் பெரும்பாலும் பின்னர் விழுந்த கீறல். இவ்வொரு விதியை மனத்தில் இருத்தினாலே பாதிக் குழப்பம் தீரும்.

அக்கசாலைப் பிழையோ அடிக்கும் நேரத்தில் நேர்வது. வில்லை சற்று விலகிப் படிந்தால் உருவம் மையம் தவறும். தகட்டிலிருந்து வில்லையை வெட்டும்போது முன்பு வெட்டிய துளையின்மேல் கத்தி விழுந்தால் விளிம்பில் பிறைபோல் ஒரு துண்டு குறையும். முன்பு அடித்த நாணயம் வெளியேறாமல் அச்சில் ஒட்டிக்கொண்டால், அடுத்த வில்லையின் ஒருபுறம் அதே உருவம் தலைகீழாகக் குழிந்து பதியும். எழுத்து இரட்டையாகத் தெரிவதெல்லாம் அரியதன்று. தாய் அச்சு இருமுறை விலகி அழுந்திய இரட்டிப்பு வேறு. அடிக்கும்போது அச்சு அதிர்ந்து எழுத்தின் ஓரம் நசுங்கிய இரட்டிப்பு வேறு. முன்னது ஒரே அச்சில் பிறந்த பல நாணயங்களில் ஒரே வடிவில் காணப்படும். பின்னது நாணயத்துக்கு நாணயம் மாறும். ஆகவே ஒரே ஒரு நாணயத்தை வைத்து முடிவுக்கு வருவது தவறு.

நம் காலத்து நாணயங்களிலும் இத்தேர்வுக்கு இடமுண்டு. 1967ஆம் ஆண்டு பேங்க் நெகாரா வெளியிட்ட முதல் வரிசையின் ஒரு சென், தொடக்கத்தில் வெண்கலத்தால் ஆனது. பின்னர்ச் செம்பு பூசிய எஃகுக்கு மாறியது. 1976ஆம் ஆண்டு ஒரு சென் எஃகில் ஏராளம். அதே ஆண்டு வெண்கலத்தில் மிக அரிது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. காந்தத்தை வைத்தால் எஃகு ஒட்டும், வெண்கலம் ஒட்டாது. 2008ஆம் ஆண்டு ஏப்ரலில் சில்லறையை ஐந்து சென்னுக்கு முழுமையாக்கும் முறை நடைமுறைக்கு வந்தபின், ஒரு சென் கடைகளில் இருந்து மறைந்து கண்ணாடிக் குப்பிகளில் அடைபட்டது. அக்குப்பிகளைக் கொட்டிக் காந்தத்தோடு உட்காரும் இளைஞர்களை நாம் அறிவோம். அரிய நாணயம் கிட்டுவதோ குறைவு. ஆனால் பார்க்கும் பழக்கம் கிட்டுகிறது.

மூன்றாவது சேதம். அக்கசாலையை விட்டு வந்தபின் நாணயத்துக்கு நேர்ந்தவை அனைத்தும் இதில் அடங்கும்: துளை, பற்றாசு, தேய்வு, கறை, கீறல். சேகரிப்புச் சந்தை இவற்றுக்கு மதிப்பளிப்பதில்லை. துளையிட்ட நாணயத்தை வணிகர் ஒதுக்கிவிடுவர் அல்லது எடைக்கு எடுப்பர். சந்தையின் பார்வையில் அது முறையே. ஆனால் கெடாத் தோட்டங்களின் வரலாற்றை எழுத முற்படும் நமக்கு இம்முறை ஒவ்வாது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

ஏனெனில் அச்சு வேறுபாடு அக்கசாலையின் வரலாற்றைச் சொல்கிறது; சேதம் அந்நாணயத்தை வைத்திருந்தவரின் வரலாற்றைச் சொல்கிறது. மேல்விளிம்பில் துளையிட்டு வளையம் பற்றவைத்த வெள்ளி, கழுத்தில் தொங்கிய சேமிப்பு. வங்கிக் கணக்கு எட்டாத பெண் தன் உடலையே பெட்டகமாக்கிக் கொண்டதன் அடையாளம் அது. பின்புறம் மட்டும் வழவழப்பாகத் தேய்ந்திருந்தால் அது நெடுங்காலம் அணியப்பட்டது என்று கொள்ளலாம். மஞ்சட்கறை ஏறிய பத்துக் காசு, நேர்த்திக்கடனுக்காக மஞ்சள் துணியில் முடிந்து வைக்கப்பட்டதாக இருக்கலாம். இறந்தவர் நெற்றியில் வைத்த காசையும் சிலர் காத்து வைப்பதுண்டு. இவற்றை எலுமிச்சையும் சாம்பலும் இட்டுத் துலக்கிப் பளபளப்பாக்கிக் கொண்டுவந்து காட்டுவோர் பலர். பளபளப்பாக்கிய கணமே நாணயத்தின் சந்தை மதிப்பும் போகிறது. கறை சொன்ன செய்தியும் போகிறது.

தமிழகத்தில் இரா. கிருஷ்ணமூர்த்தி 1980களில் தேய்ந்த செப்புக்காசு ஒன்றில் தமிழ்ப் பிராமி எழுத்தில் 'பெருவழுதி' எனும் பெயரைப் படித்தறிந்தார். சங்க காலப் பாண்டியர் தம் பெயர் பொறித்த நாணயம் வெளியிட்டனர் என்பதற்கு அது சான்றாயிற்று. உருவம் மங்கிய காசையும் பொறுமையோடு நோக்கிய கண்ணே அங்கு வேலை செய்தது. அதே கண் கெடாவுக்கும் வேண்டும்.

போலிகளைப் பற்றியும் ஒருசொல். 1903ஆம் ஆண்டு வெள்ளியின் போலிகள் இன்று இரவுச்சந்தைகளில் மலிந்துள்ளன. முதலில் நிறுத்துப் பார்க்க வேண்டும், 26.95 கிராமுக்கு மிகக் குறைந்தாலோ கூடினாலோ ஐயுற வேண்டும். காந்தம் ஈர்த்தால் ஐயத்துக்கே இடமில்லை. அடுத்து விளிம்பின் வரிகளும் எழுத்துகளின் கூர்மையும். குழிந்த 'பி'யின் அடித்தளம் சீராக இராமல் கொப்புளம் போலிருப்பின் அது வார்ப்பட வேலை. துளையிட்டுத் தேய்ந்த நாணயத்தைப் போலி செய்வோர் அரியர். அதற்கு விலையில்லை அல்லவா.

1980கள் தொட்டுத் தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கும் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் மாறியும், குடும்பங்கள் சுங்கைப் பட்டாணி, கூலிம் நகர்ப்புறங்களுக்குப் பெயர்ந்தன. நாணயங்களும் உடன் பெயர்ந்தன. எந்தத் தோட்டத்திலிருந்து வந்தவை என்னும் செய்தி மட்டும் வழியில் உதிர்ந்தது. வணிகர் கைக்குப் போன நாணயத்துக்கு ஆண்டும் தரமும் விலையும் உண்டு, ஊர் இல்லை. ஆகவே நாணயம் வைத்திருப்போரிடம் நாம் வேண்டுவது ஒன்று. விற்பதாயினும் வைத்திருப்பதாயினும், அதற்கு முன் ஒரு தாளில் சிலவற்றை எழுதி வைக்க வேண்டும்: நாணயத்தின் ஆண்டு, எடை, 'பி' அல்லது 'ஐ' குறி உண்டா, உண்டெனில் மேடா பள்ளமா, துளையும் கறையும் எங்குள்ளன, யாரிடமிருந்து வந்தது, அவர் எந்தத் தோட்டத்தில் எந்த வேலை செய்தார். இருபுறமும் விளிம்பும் தெரியப் படமெடுத்து அத்தாளோடு சேர்க்க வேண்டும். துலக்கக் கூடாது. வளையத்தைப் பெயர்த்தெடுக்கவும் கூடாது. பெயர்த்தாலும் துளை மூடாது, பற்றாசுத் தழும்பும் போகாது.